சக்கைக்குள் இருக்கும் சர்க்கரை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொசுவத்தி சுத்தல் பாதி, கெமிஸ்ட்ரி பாதி. பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்குக் கும்பிடு போட்டவர்களும் தைரியமாகப் படிக்கலாம். சமன்பாடு எதுவும் கிடையாது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி, வெளியே பனி. போன் அடித்தது. மறையூரிலிருந்து மாமா. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வயிறு கலங்குமே, அப்படித்தான் எடுத்தேன். மாமா சாவகாசமாக ஆரம்பித்தார்.

"மாப்ள, ஒரு ஆளு வந்திருந்தாம்ப்பா. நம்ம ஆலைச் சக்கை முழுசும் வேணுமாம். கிலோவுக்கு இவ்வளவுன்னு ரேட் பேசுறான். எதுக்குய்யான்னு கேட்டா, சக்கையில இருந்து சர்க்கரை எடுக்கப் போறோம், புகை கிடையாது, கழிவு கிடையாதுங்கறான். பிழிஞ்சு போட்ட சக்கையில ஏதுப்பா சர்க்கரை? நீ அந்தப் படிப்புதானே படிச்ச? உண்மையா, இல்ல என்னை ஏமாத்தறானா?"

நான் ஐயோவா மாநிலத்தில் சோளத்திலிருந்து மாவுச்சத்தும் சர்க்கரைப்பாகும் எடுக்கும் ஆலை ஒன்றில் பிராசஸ் இன்ஜினியர். மாமாவின் கேள்வி சரியாக என் தொழிலுக்குள் வருகிறது. "உண்மைதான் மாமா, சர்க்கரை இருக்கு. ஆனா ஒரு வாரம் டைம் குடுங்க, யோசிச்சு சொல்றேன்" என்று வைத்தேன். அந்த ஒரு வாரம் யோசித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு ஊர். அப்பா ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்மா ஊர் இடுக்கி மாவட்டத்து மறையூர். இரண்டும் கேரளா, இரண்டிலும் வீட்டில் தமிழ். நடுவில் ஆனைமலை குறுக்கே நிற்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சின்னார் செக்போஸ்ட் வழியாக மறுபடியும் கேரளாவுக்குள் ஏற வேண்டும். பள்ளிக்கூட லீவில் அந்த பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அக்காவோடு சண்டை போட்டதெல்லாம் தனிப் பதிவாக வரும்.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி, இந்த ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. முன்னோர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று பாட்டி சொல்லுவார். மூணாறில் மழை கொட்டும்போது இங்கே அதில் கொஞ்சம்தான் விழும். மழை மறைவுப் பிரதேசம். சந்தனக்காடும் கரும்பும் ஊரின் இரண்டு அடையாளம். மறையூர் சர்க்கரைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சர்க்கரை என்றால் கேரளாவில் வெல்லம். வெள்ளைச் சீனியை நினைத்துவிடாதீர்கள். அச்சு கிடையாது. பாகு இறுகும் சூட்டிலேயே கையால் பிடித்த உருண்டை. விரல் பதிந்த தடம் அப்படியே தெரியும்.

மாமா ஆலை என்று சொல்வதும் நீங்கள் நினைக்கிற ஆலை இல்லை. ஒரு கொட்டகை, ஒரு கிரஷர், தரையைத் தோண்டிக் கட்டிய அடுப்பு, அதன் மேல் பெரிய கொப்பரை, அவ்வளவுதான். கரும்பைப் பிழிந்த சாறு கொப்பரைக்குப் போகும். பிழிந்த சக்கை வெயிலில் காயும். முந்தாநாள் காய்ந்த சக்கை இன்றைக்கு அடுப்புக்குள் போகும். வேறு விறகு கிடையாது. அடுப்பு எரிப்பவர் ஒரு கை சக்கையை எப்போது தள்ள வேண்டும் என்பதைக் கொப்பரையில் நுரை எழும்பும் சத்தத்தை வைத்தே சொல்லுவார். இதற்கு நான் படித்த காலேஜில் பிராசஸ் கன்ட்ரோல் என்று பெயர் வைத்து இரண்டு செமஸ்டர் நடத்தினார்கள்.

சரி, சக்கைக்குள் சர்க்கரை எப்படி வந்தது?

கரும்பின் இனிப்பு சாற்றில் இருக்கிறது. அது சுக்ரோஸ். சக்கையில் இருப்பது நார். அந்த நாரில் பெரும்பங்கு செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் துண்டுகளைக் கோத்த சங்கிலி. இட்லி அரிசியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். கோத்த விதம் மட்டும் வேறு. மாவுச்சத்தின் கொக்கியை நம் எச்சிலே கழற்றிவிடும். செல்லுலோஸின் கொக்கியைக் கழற்ற நம் வயிற்றில் ஆள் இல்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தெரியும். அதனால்தான் சோறு நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு. செல்லுலோஸைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்று இன்னொரு சர்க்கரைச் சங்கிலி (கரும்பில் இது பெரும்பாலும் சைலோஸ்), இரண்டையும் பூசி மெழுகியதுபோல லிக்னின். சுவரில் செங்கல், கம்பி, சிமென்ட் மாதிரி.

ஒரு கணக்குப் போடலாம். பெரிய சர்க்கரை ஆலையில் 100 டன் கரும்பு அரைத்தால் சுமார் 10 டன் சீனி. சக்கை ஈரத்தோடு 30 டன் வரும். பாதி தண்ணீர், ஆக உலர்ந்த சக்கை 15 டன். அதில் செல்லுலோஸ் 40 சதவீதம் என்றால் 6 டன், ஹெமிசெல்லுலோஸ் கால் பங்கு என்றால் நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. சங்கிலியை உடைக்கும்போது ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேரும், அதனால் எடை கூடும். எல்லாவற்றையும் உடைத்தால் ஏறக்குறைய 11 டன் சர்க்கரை.

அதாவது மூட்டையில் கட்டி விற்கும் சீனியைவிட, அடுப்பில் போடுகிற சக்கையில் கொஞ்சம் கூடவே சர்க்கரை இருக்கிறது. கல்லூரியில் இந்தக் கணக்கை முதல்முதலாகப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவிடம் வந்த ஆளும் இதே கணக்கைத்தான் எங்கேயோ பார்த்திருப்பார். இது ஏடு முழுக்கச் செய்தால் வரும் கணக்கு. நடைமுறையில் எவ்வளவு கைக்கு வரும் என்பது 200 வருஷச் சண்டை.

நெப்போலியன் காலத்தில் ஆரம்பிக்கிறது கதை. ஆங்கிலேயரோடு மோதலில் கடல்வழி வணிகம் முடங்கி, ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. எதிலிருந்தாவது சர்க்கரை எடு என்று வேதியியலாளர்கள் அலைந்தார்கள். 1811-ல் ரஷ்யாவில் கிர்க்ஹாஃப் மாவுச்சத்தை அமிலத்தோடு கொதிக்க வைத்து இனிப்பான பாகு எடுத்தார். (என் சம்பளமே அந்த வழி வந்ததுதான்!) 1819-ல் பிரான்சின் நான்சி நகரத்தில் ஆன்றி பிராகனோ என்பவர் பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். போட்ட துணியைவிட வந்த சர்க்கரை எடை கூட இருந்ததாம். மேலே சொன்ன தண்ணீர்க் கணக்குதான், ஆனால் அன்றைக்கு அது மாயாஜாலம். செல்லுலோஸ் என்ற பெயரே அப்போது கிடையாது. அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவர் அன்செல்ம் பாயென், 1830-களின் கடைசியில்.

துணி இனிக்கும் என்று தெரிந்தாயிற்று. ஆனால் செலவு? அங்கேதான் இந்தத் தொழில் ஒவ்வொரு முறையும் விழுந்தது. இதன் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: போர் வந்தால் பிறக்கும், சமாதானம் வந்தால் சாகும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் மரத்தூளை நீர்த்த அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரையாக்கி, அதைச் சாராயமாக்கும் ஆலைகள் ஓடின. போர் முடிந்தது, மொலாசஸ் மலிந்தது, மரத்தூளும் குறைந்தது, ஆலைகள் மூடின. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் பெர்கியுஸ் (1931-ல் கார்ல் போஷோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கியவர்) அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மரத்தைக் கரைத்துச் சர்க்கரை எடுத்தார். ஹிட்லரின் ஜெர்மனிக்கு வெளிநாட்டு இறக்குமதி இல்லாமல் தீவனமும் சாராயமும் வேண்டியிருந்தது, ஆலைகள் நின்றன. போர் முடிந்ததும் அவையும் முடிந்தன. நீண்ட காலம் தாக்குப்பிடித்தது சோவியத் யூனியன் மட்டும்தான். அங்கே லாப நஷ்டக் கணக்கே வேறு. 1990-களில் அந்தக் கணக்கு மாறியதும் அங்கும் ஆலைகள் வரிசையாக நின்றன.

அமில வழி சுத்தமான வழியும் இல்லை. அடர் அமிலம் இரும்பைத் தின்னும். நீர்த்த அமிலமென்றால் சூட்டை ஏற்ற வேண்டும். சூடு ஏறினால் பிறந்த சர்க்கரையே கருகி ஃபர்ஃபுரல் ஆகிவிடும், அது ஈஸ்டுக்கு விஷம். கடைசியில் கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு அடக்கினால் ஜிப்சம் மலைமலையாகக் குவியும். வெல்லப் பாகில் ஒரு பிடி சுண்ணாம்பு போடும் மாமாவுக்கு இது புரியும். ஒரு பிடிக்குப் பதில் லாரி லாரியாகப் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பம் வந்தது ஒரு கூடாரத்துணியிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் கண்முன்னே மக்கிப் போயின. பருத்தி என்பது கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். யார் தின்கிறார்கள் என்று தேடினார்கள். சாலமன் தீவுகளிலிருந்து வந்த ஒரு துணியில் பச்சையாக ஒரு பூஞ்சை சிக்கியது. அதற்கு க்யூஎம்6ஏ என்று நம்பர் போட்டு வைத்தார்கள். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் வருஷக்கணக்காக அதன் பின்னால் இருந்தார்கள். துணியைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை. போகப் போக, இந்தப் பூஞ்சை வெளியே துப்பும் நொதிகள் செல்லுலோஸை அழகாகக் குளுக்கோஸாக வெட்டுகின்றனவே, இதையே ஏன் தொழிலாக்கக் கூடாது என்று கேள்வி திரும்பியது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் எல்லோரும் அந்தப் பூஞ்சையைத் திரும்பிப் பார்த்தார்கள். 1977-ல் அதற்கு ட்ரைக்கோடெர்மா ரீசி என்று ரீஸின் பெயரையே வைத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இந்தத் தொழிலில் புழங்கும் நொதிகளில் பெரும்பகுதி அந்தப் பூஞ்சையின் பேரன் பேத்திகள் கொடுப்பவை.

இதில் நம்மவர் பங்கு ஒன்று உண்டு, அதிகம் பேர் சொல்வதில்லை. நொதி எவ்வளவு வீரியம் என்று அளக்க ஒரு படி வேண்டுமே, கடைக்குக் கடை படி மாறினால் வியாபாரம் நடக்காது. ஐஐடி டெல்லியின் பேராசிரியர் டி.கே. கோஸ் 1987-ல் எழுதி வெளியிட்ட முறைதான் உலகத்துக்கே படியானது. 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம், 50 மில்லிகிராம் வடிதாள் துண்டு. 50 டிகிரி சூடு. ஒரு மணி நேரம். எவ்வளவு சர்க்கரை பிரிகிறது என்று பார். நான் இங்கே ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டைச் சுருட்டி டியூபுக்குள் விடும்போதெல்லாம் ஒரு சின்ன பெருமை. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இருக்கும் என்ஐஐஎஸ்டி (2007 வரை அதன் பெயர் ஆர்ஆர்எல்) கரும்புச் சக்கை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இடம். அங்கிருந்த அசோக் பாண்டேயும் சகாக்களும் 2000-ல் சக்கையைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தாண்டாமல் யாரும் இந்தத் துறைக்குள் வர முடியாது.

இப்போதைய முறை இப்படி: சக்கையை நறுக்கி, 200 டிகிரிக்குப் பக்கத்தில் நீராவியில் சில நிமிஷம் வேகவைத்து, அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். குக்கர் மூடியைப் பாதியில் பிடுங்கினால் என்ன ஆகும்? அதேதான். நார் உள்ளிருந்து வெடித்து விரியும். சில இடங்களில் கொஞ்சம் அமிலம் சேர்ப்பார்கள், பழைய அளவில் சின்னப் பங்குதான். விரிந்த நாரில் நொதியை விட்டால் இரண்டு மூன்று நாளில் குளுக்கோஸ். மிஞ்சும் லிக்னினை பாய்லரில் எரித்தால் ஆலைக்கே நீராவி. தண்ணீரை மட்டும் வைத்து, 374 டிகிரிக்கு மேல் 221 பார் அழுத்தத்தில், நொடிக்கணக்கில் வேலையை முடிக்கும் வழியும் உண்டு. அங்கே நொதியும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். வரும் சர்க்கரை லட்டுக்கு இல்லை, நொதிக்க வைத்து எத்தனால் எடுக்க. ஹெமிசெல்லுலோஸ் தரும் சைலோஸைச் சாதாரண ஈஸ்ட் தொடவே தொடாது. அதற்குத் தனி ஈஸ்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சூயிங்கம்மில் போடும் சைலிட்டாலாக மாற்றி விற்க வேண்டும்.

விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது. தொழில்? நான் இருக்கும் ஐயோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் எம்மெட்ஸ்பர்க்கில் போயட்-டிஎஸ்எம் ஆலை, 2015-ல் நெவாடா என்ற ஊரில் டூபான்ட் ஆலை. இரண்டும் சோளத்தட்டையிலிருந்து எத்தனால். ஊரே திருவிழா. டூபான்ட் ஆலை 2017-ல் நின்றது. பிறகு ஒரு ஜெர்மன் கம்பெனி அதை வாங்கி, நம்மூர் சாண எரிவாயு மாதிரி தட்டையிலிருந்து வாயு எடுக்கும் ஆலையாக மாற்றியது. எம்மெட்ஸ்பர்க் 2019 கடைசியில் நிறுத்தம் அறிவித்தது. கான்சாஸில் ஒன்று 2016-ல் திவால். ருமேனியாவில் கிளாரியன்ட் கட்டியதை 2023 டிசம்பரில் மூடினார்கள்.

ஏன்? நொதியை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதிப் பிரச்சினை தட்டையை ஆலைக்குக் கொண்டு வருவதில். வயலில் கிடப்பதைச் சுருட்டி, கட்டி, லாரியில் ஏற்றி, வருஷம் முழுக்க நெருப்புப் பிடிக்காமல் சேர்த்துவைத்து, மண்ணையும் கல்லையும் பிரித்து எடுக்க வேண்டும். காற்றை லாரியில் ஏற்றுவது மாதிரி: எடை இருக்காது, இடம் மட்டும் அடைக்கும். பிரேசிலில் பிராசிகாபா என்ற ஊரில் இதே வேலையைச் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்தார்கள். கரும்போடு சக்கையும் ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டதால் அவர்களுக்கு இந்த ஒரு தலைவலி பாதி குறைந்தது. இந்தியாவில் 2016-ல் காசிப்பூரில் நாளுக்கு 10 டன் மாதிரி ஆலை; 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் ஆலை, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்ற திட்டத்தோடு; 2025 செப்டம்பரில் அசாமின் கோலாகாட்டில் மூங்கிலை வைத்து ஒன்று. பானிப்பட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்தி டெல்லி மூச்சு முட்டுகிறது. எரிக்கிற பொருளை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்படியானால் மறையூர்ச் சக்கை? இங்கேதான் நான் ஒரு வாரம் டைம் கேட்ட காரணம் வருகிறது.

கிராமத்து கிரஷரில் 100 கிலோ கரும்பு பிழிந்தால் 55, 60 கிலோ சாறு. அதைக் காய்ச்சினால் 10 கிலோ வெல்லம். மீதி 45, 50 கிலோ தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். அதே 100 கிலோ கரும்பின் சக்கை வெயிலில் காய்ந்தால் 22 கிலோ தேறும். அந்தச் சக்கையின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொப்பரைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் தண்ணீர் வற்றும். மீதி புகைபோக்கி வழியாகவும் அடுப்புச் சுவர் வழியாகவும் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கரும்பின் சாறும் கரும்பின் சக்கையும் ஒன்றுக்கொன்று அளந்து வைத்த மாதிரி, பெரும்பாலும் மிச்சமே இருக்காது. அந்த ஆள் "கழிவு" என்று சொன்னது மாமாவின் விறகு.

இதைத் தமிழ்நாட்டில் முன்பே ஒருவர் புரிந்துகொண்டார்கள். 1979-ல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் பக்கம் புகளூரில், கரும்புச் சக்கையில் காகிதம் செய்ய வந்தபோது சர்க்கரை ஆலைகள் கேட்ட முதல் கேள்வி, "சக்கையை உனக்குக் கொடுத்தால் என் பாய்லரில் எதைப் போடுவது?" அதனால் சக்கை வாங்கிய இடங்களில் பதிலுக்கு நிலக்கரியோ நீராவியோ ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். சக்கைக்கு விலை என்பது ரூபாயில் மட்டும் இல்லை, அதற்குப் பதில் என்ன எரியும் என்பதிலும் இருக்கிறது. மாமாவிடம் பேசிய ஆள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்பா ஊர்ப் பக்கக் கதை வேறு பாடம். மேனோன்பாறையில் சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருந்தது. அப்பா கரும்பு போட்டார். லோடு ஏற்றி அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்த வருஷங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் முதல் வருஷ காலேஜ் பீஸ் அம்மாவின் வளையலில்தான் போனது. 2000-களின் தொடக்கத்தில் ஆலை நின்றது. 2009-ல் அந்த இடம் மலபார் டிஸ்டில்லரீஸ் என்ற அரசு நிறுவனத்துக்குப் போனது. அப்பா கரும்பை விட்டுத் தென்னைக்கு மாறினார். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும், ஒரே ஒரு வாங்குபவரை நம்பி நிற்கும் விவசாயியின் நிலைமை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த வளையல்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரிலிருந்து அடிக்கிற தூரத்தில் கோயம்புத்தூர். அங்கே 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து எடுத்த கோ 205 ரகம்தான், 1918-ல் வட இந்தியாவுக்குப் போய்க் கரும்பின் தலையெழுத்தை மாற்றியது. தலச்சேரிக்காரர் ஜானகி அம்மாள் 1930-களில் வேலை பார்த்ததும் அங்கேதான். நாணல் கொடுத்தது உறுதியும் நாரும். நார் கூடினால் சர்க்கரை குறையும் என்று நூறு வருஷமாக ரகம் ரகமாக இழுபறி. இன்றைக்கு நாரே சர்க்கரை என்று ஆனதும், நார் மிகுந்த எரிசக்திக் கரும்பு வேண்டும் என்று மறுபடியும் அதே நாணலைத் தேடிப் போகிறார்கள்.

"கழிவு கிடையாது" என்று அந்த ஆள் சொன்னதற்கும் ஒரு பதில் எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்துப் பிளாச்சிமடையில் 2000-ல் கோலா ஆலை வந்தது. 2002-ல் கிணறு வற்றுகிறது, தண்ணீர் கெடுகிறது என்று இரவாளர் சமூகத்து மயிலம்மா போன்ற பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2004-ல் ஆலை நின்றது. 2025 ஜனவரியில் எலப்புள்ளியில் எத்தனால், மதுபான ஆலை ஒன்றுக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தபோதும் ஊர் கேட்ட முதல் கேள்வி தண்ணீர்தான். சக்கையிலிருந்து சர்க்கரை எடுக்க நீராவி வேண்டும், நொதிக்குத் தண்ணீர் வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும். புகைபோக்கியை மட்டும் பார்த்துச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்கள்.

போன ஞாயிறு மாமாவைக் கூப்பிட்டேன். மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, சக்கையில் சர்க்கரை இருப்பது நிஜம், அந்த ஆள் பொய் சொல்லவில்லை. இரண்டு, சக்கையைக் கொடுத்தால் அடுப்புக்கு என்ன போடுவீர்கள் என்பதை அவரிடமே கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும். மூன்று, உண்மையிலேயே சக்கை மிஞ்ச வேண்டுமென்றால் முதலில் அடுப்பை மாற்றுங்கள். லக்னோ கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஒரே நெருப்பில் இரண்டு மூன்று கொப்பரை காயும் அடுப்புகளை வடிவமைத்திருக்கிறது. முதல் கொப்பரையைத் தாண்டி வீணாகப் போகும் சூட்டில் அடுத்த கொப்பரைச் சாறு காயும். மிஞ்சுவதை அப்புறம் விற்கலாம். வயலில் கொளுத்துகிற சோகையை அந்த ஆள் கேட்டால் பேசிப் பாருங்கள். அதிலும் பாதியை மண்ணுக்கு மூடாக்காக விட்டுவிடுங்கள்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அடுப்புக்கு விறகுன்னு சந்தனக்காட்டுப் பக்கம் போனா பாரஸ்ட்காரன் என்னையும் சேர்த்துல்ல கட்டித் தூக்கிட்டுப் போவான்." சிரித்தோம். அடுப்பு படம் இருந்தால் அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். கொத்தனாரிடம் காட்டப் போகிறாராம்.

நேற்று மறுபடி பேசினேன். அந்த ஆளிடம் எரிபொருள் கேள்வியைக் கேட்டாராம். ஆபீசில் கேட்டுச் சொல்வதாகப் போனவர் இன்னும் கூப்பிடவில்லையாம். சக்கை காய்ந்துவிட்டது, புதன்கிழமை அடுப்பு பற்ற வைக்கிறார்கள்.